நின்ற இதயமும் முதல் பத்து நிமிடமும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களை முன்வைத்துச் சிபிஆர் பலன் குறித்த ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்த ஒருவரை, அருகில் இருப்பவர் வெறும் கைகளால் நெஞ்சை அழுத்திக் காப்பாற்ற முடியுமா? முடியுமென்றால் நூற்றில் எத்தனை பேரை? சிபிஆர் எனப்படும் இதய இயக்க மீட்பு பற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த சான்றுகள் இக்கேள்விக்கு விடை தருகின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் சாலை, வீடு, வயது, மொழி ஆகியவற்றோடு அந்தச் சான்றுகளைப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்பகுதியில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதயம் நின்றவருக்கு அவற்றில் ஒன்றும் உரிய நேரத்துக்குள் எட்டாது. எட்டுவது வீட்டாரும் அயலாரும் மட்டுமே. ஆகவே இவ்வூர்களில் இதய சிகிச்சையின் முதல் படி வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. அந்தப் படி இன்றுவரை கட்டப்படவில்லை.

2. நிலமும் மக்களும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்திருவிதாங்கூர் வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு போட்ட பிறகும் உறவு பிரியவில்லை. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், வெள்ளறடை, குன்னத்துகால் பகுதிகளில் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. பெண் கொடுத்தலும் எடுத்தலும், சந்தையும், பள்ளியும் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமுமாகவே நடக்கின்றன. ஆஸ்பத்திரியும் அப்படித்தான்.

மேற்கே போனால் பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை, அதற்கப்பால் 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, அதன் வளாகத்திலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். கிழக்கே போனால் குழித்துறை, மார்த்தாண்டம், இன்னும் தூரத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 30 கிலோமீட்டர். வரைபடத்தில் இது தூரமே அல்ல. ஆனால் நெடுஞ்சாலையின் நெரிசல் ஒருபுறம் இருக்க, இங்கே பல வீடுகள் சாலையோரத்தில் இல்லை. ரப்பர் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே, வண்டி புகாத இடவழியின் முடிவில் இருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, அறுபதும் எழுபதும் கடந்த கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம்.

இதயநோய்ச் சாவு எவ்வளவு என்பதற்கு இதே மாவட்டத்துச் சான்று உண்டு. வர்க்கலைப் பகுதிக் கிராமங்களில் 1,61,942 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011இல் வெளியான ஆய்வு, இதயத் தமனி நோயால் இறப்போர் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் 382 பேர், பெண்களில் 128 பேர் என்று கணக்கிட்டது. கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் 2007 முதல் 2009 வரை இதயத் தமனி அடைப்போடு சேர்க்கப்பட்ட 25,748 பேரின் பதிவேடு இன்னொரு சான்று. அவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 3.9 விழுக்காடு, முழு அடைப்பு ஏற்பட்டவர்களில் 8.2 விழுக்காடு. இந்த எண்கள் ஆஸ்பத்திரி வாசலை உயிரோடு தொட்டவர்களைப் பற்றியவை. வழியிலும் வீட்டிலும் விழுந்தவர்கள் இந்தப் பதிவேட்டில் இல்லை. நம் ஆய்வு அவர்களைப் பற்றியது.

3. இதயம் நிற்கும்போது நடப்பது

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றெனவே செய்திகள் எழுதுகின்றன. மாரடைப்பில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபடுகிறது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார், வியர்ப்பார், நடக்கவும் செய்வார். இதயம் நின்றுபோனால் சில விநாடிகளில் நினைவு தப்பும், மூச்சு நின்றுவிடும். முதலாவது, இரண்டாவதற்குக் காரணமாகலாம். அப்படி ஆகும்போது பெரும்பாலும் இதயக் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும். அந்தத் துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தினால் இதயம் தன் பழைய தாளத்துக்குத் திரும்ப வாய்ப்புண்டு. விட்டுவிட்டால் சில நிமிடங்களில் துடிப்பும் அடங்கி நேர்கோடாகும். பிறகு மின்னதிர்ச்சியும் பயன்படாது. மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களில் சேதமடையத் தொடங்கும்.

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தி விடுவதால் இயல்பான இரத்த ஓட்டத்தில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை ஓடுகிறது. மூளையையும் இதயத்தசையையும் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்க வைக்க இது போதும். அழுத்தம் விடுபடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும்; இல்லையேல் இதயத்துக்குள் இரத்தம் திரும்பாது. இடையில் கையை எடுத்தால், சேர்த்த அழுத்தம் உடனே விழுந்துவிடும். மறுபடி அதைக் கட்டியெழுப்பப் பல அழுத்தங்கள் வேண்டும். ஒருவர் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார் என்பதால் ஆள் மாற்றிச் செய்ய வேண்டும். கட்டிலில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். தரையில் கிடத்த வேண்டும். விலா எலும்பு முறிவது சகஜம். முறிந்த விலா ஆறிவிடும்.

4. செயல்முறையின் பிறப்பு

1960 ஜூலையில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் நெஞ்சைத் திறக்காமலே இதயத்தை இயக்கலாம் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தார்கள். பீட்டர் சாஃபர் 1950களில் நிறுவியிருந்த வாயோடு வாய் சுவாசமும் இதனோடு இணைந்தது. அந்த 70 விழுக்காடு மருத்துவமனைக்குள், உடனடியாகக் கவனிக்கப்பட்டவர்களின் எண். அது வெளியுலகுக்குப் பொருந்தாது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் நார்வேயின் உட்ஸ்டீன் மடாலயத்தில் இத்துறை வல்லுநர்கள் கூடிப் பேசியதன் பயனாக ஒரு பொதுப் பதிவுமுறை வந்தது. பல நாடுகள் ஒரே அளவுகோலில் எண்ணத் தொடங்கின. உண்மையான எண்கள் வெளிவந்தன.

5. பலன் எவ்வளவு?

5.1 மிகையான நம்பிக்கை

1996இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் சிபிஆர் செய்யப்பட்டவர்களில் 75 விழுக்காட்டினர் உடனடியாகப் பிழைத்ததைக் காட்டியது. நம் சினிமாவும் மாறுபட்டதல்ல. நான்கு முறை அழுத்தினால் கதாநாயகன் கண் திறப்பான். இந்த நம்பிக்கை ஆபத்தானது. நாலு அழுத்தத்தில் எழவில்லை என்றால் போய்விட்டார் என்று கையை எடுத்துவிடுவார்கள்.

உண்மை கடுமையானது. அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புவோர் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர். மருத்துவமனைக்குள்ளேயே நின்றாலும் அங்கே நான்கில் ஒருவர்தான். 2016 டிசம்பர் 4 மாலை, சென்னை அப்பல்லோவில் சிகிச்சையில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றது. எல்லாக் கருவிகளும் வல்லுநர்களும் அருகில் இருந்தும் மறுநாள் இரவு அவர் காலமானார். நோயுற்று நைந்த உடலில் இதயம் நிற்பது வேறு; நேற்றுவரை நடமாடியவருக்குத் திடீரென நிற்பது வேறு. சிபிஆரின் பலன் பெரிதும் இந்த இரண்டாம் வகையினருக்கே.

5.2 கைவிடத் தேவையில்லாத சான்று

ஸ்வீடனில் 1990 முதல் 2011 வரை, பிறர் கண்ணெதிரே இதயம் நின்ற 30,381 பேரை ஆராய்ந்தார்கள். ஆம்புலன்ஸ் வருமுன் யாரோ நெஞ்சை அழுத்தியிருந்தால் 30 நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் 10.5 விழுக்காடு, அழுத்தாதபோது 4 விழுக்காடு. டென்மார்க்கில் 2005இல் பள்ளிகளிலும் 2006இல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் பயிற்சி கட்டாயமாயிற்று. அருகிலிருப்போர் சிபிஆர் செய்த விகிதம் 2001இல் 21 விழுக்காடாக இருந்தது 2010இல் 45 விழுக்காடாயிற்று, பிழைத்தோர் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடானார்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்ததும் பிழைத்து எழுந்ததும் இந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொண்ட நாட்டில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவை சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. டென்மார்க்கில் அதே காலத்தில் மருத்துவமனைச் சிகிச்சையும் மேம்பட்டது. உயர்வு முழுவதையும் கைகளின் கணக்கில் எழுதினால் மிகையாகும். ஆனால் நாடு மாறினாலும் காலம் மாறினாலும் முடிவு ஒரே திசையில் நிற்கிறது.

விலையுயர்ந்த தலையீடுகளோடு ஒப்பிட்டால் இதன் வலு இன்னும் தெளிவாகும். பிரிட்டனில் 8,014 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், அட்ரினலின் ஊசி போட்டவர்களில் 3.2 விழுக்காட்டினரும், போடாதவர்களில் 2.4 விழுக்காட்டினரும் 30 நாள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களிலோ, ஊசி பெற்ற பிரிவில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களே அதிகம். ஊசியால் கிடைத்த ஆதாயம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஸ்வீடனில் கைகள் செய்த இடத்தில் வித்தியாசம் நூற்றுக்கு ஆறுக்கு மேல்.

கைகளோடு மின்னதிர்ச்சியும் உடனே சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களைப் பயிற்றுவித்துச் செய்து, 2000இல் வெளியான ஆய்வே சாட்சி. விழுந்த மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதற்குமேல் தாமதமானால் 49. அந்தக் காவலர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர்.

6. எல்லையூரில் நிமிடக் கணக்கு

நெஞ்சை அழுத்தாவிட்டால், மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறையும். அழுத்திக்கொண்டிருந்தால் 3 முதல் 4 விழுக்காடாக அந்தச் சரிவு மெதுவாகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இதைச் செங்கலிலோ காரோட்டிலோ ஒரு வீட்டுக்குப் பொருத்துவோம். ஆள் விழுகிறார். வீட்டார் கூப்பாடு போட்டு அயலார் வர இரண்டு மூன்று நிமிடம். ஓட்டோ பிடிக்க ஐந்து நிமிடம். இடவழியில் தூக்கிக்கொண்டு நடக்க, ஆஸ்பத்திரிக்கு ஓட என இருபது நிமிடம் எளிதாகக் கடந்துவிடும். கைகள் வேலை செய்யாதிருந்தால் பத்துப் பன்னிரண்டாம் நிமிடத்திலேயே கணக்கு முடிந்துவிட்டது. மீதித் தூரம் ஓட்டோவில் போவது இறந்தவரின் பயணம். ஓடும் ஓட்டோவில் மடியில் கிடத்தி அழுத்துவதும் பயன் தராது.

தாமதத்துக்கு வழக்கங்களும் துணைபோகின்றன. நெஞ்சில் வலி என்றால் 'கேஸ்' என்று சொல்லிச் சோடாவில் எலுமிச்சை பிழிந்து கொடுப்பது இப்பகுதியில் இரு மொழியாருக்கும் பொதுவான வைத்தியம். இதயம் நின்ற முதல் நொடிகளில் கைகால் வெட்டியிழுக்கலாம். அதை வலிப்பு என்று எண்ணி இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். எல்லாவற்றிலும் கொடியது மூச்சு பற்றிய மயக்கம். இதயம் நின்ற பிறகும் சிலருக்கு மீன் வாய் திறப்பதுபோல் விட்டுவிட்டு ஒரு கேவல் வரும். 'மூச்சு இருக்கு' என்று ஆறுதல் கொண்டு காத்திருப்பார்கள். அது மூச்சல்ல. கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்ற இரண்டே அடையாளம் போதும். அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். நாடி பார்த்து நேரம் போக்க வேண்டியதில்லை.

108 சேவை தமிழகத்தில் 2008இல் தொடங்கியது. கேரளத்தில் 2019இல் 315 வண்டிகளோடு 'கனிவ்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் விரிந்தது. எண் ஒன்று, மாநிலம் இரண்டு. எல்லையோரத்தில் கைப்பேசி எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு அழைப்பு போய்விடக் கூடும். கேரள எல்லையோர இஞ்சிவிளையில் நிற்பவர் சென்னையில் அழைப்பை எடுப்பவரிடம் வழி சொல்ல நேர்ந்தால் நிமிடங்கள் போகும். தொலைபேசி வழியாகவே நெஞ்சழுத்தச் சொல்லிக்கொடுப்பதைப் பல நாடுகள் வழக்கமாக்கிவிட்டன. இந்த எல்லையில் அது இரு மொழியிலும் நடக்க வேண்டும். 'நெஞ்சில அமுக்குங்க' என்றால் இரு கரையாருக்கும் புரியும். அவ்வளவு எளிய தொடர்களே போதும்.

தமிழகத்தில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறது. நல்ல திட்டம். அதுவும் நினைவோடு வந்து சேர்ந்தவருக்கே உதவும்.

7. காரணம் மாறினால் முறையும் மாறும்

இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் முயற்சியில் 2017இல் வெளியான வழிகாட்டுதல், பொதுமக்கள் நெஞ்சழுத்தம் மட்டும் செய்தால் போதும் என்கிறது. பெரியவர்கள் திடீரென விழும்போது இரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருப்பதால் இது பொருந்தும். வாயோடு வாய் வைக்கத் தயங்கி எதுவுமே செய்யாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்த நிலத்தில் இதயம் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. பயிற்சியில் இவை விடுபடக் கூடாது.

நெய்யாற்றிலோ குளத்திலோ, பூவார், பொழியூர்க் கடலிலோ மூழ்கியவருக்கு இதயம் நிற்பது மூச்சு முட்டியதால். அவருக்கு முதலில் மூச்சு ஊத வேண்டும். பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது நேரத்தைக் கொல்லும் வேலை.

துலாமாதத்து மாலை இடிமழையில் மின்னல் தாக்கியவருக்கு இதயம் நின்று தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்குவது உண்டு. சுவாச மையம் மட்டும் நெடுநேரம் முடங்கிக் கிடக்கும். மூச்சூதிக் காத்தால் பிழைக்கும் வாய்ப்பு மற்ற வகைகளைவிட அதிகம். பலர் ஒன்றாகத் தாக்கப்பட்டால், முனகுபவர்களை விட்டுவிட்டு இறந்ததுபோல் கிடப்பவரிடம் முதலில் போக வேண்டும். மின்னல் பட்டவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தொடலாம். கம்பியில் மின்சாரம் தாக்கியிருந்தால் இணைப்பைத் துண்டித்த பிறகே தொட வேண்டும்.

விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரை நாகமோ கட்டுவிரியனோ கடித்தால் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கும். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். செயற்கைச் சுவாசக் கருவி கிடைக்கும்வரை மூச்சூதிக்கொண்டே போனால் ஆளைக் கொண்டுசேர்க்கலாம்.

8. அச்சமும் சட்டமும்

'தொட்டால் கேஸாகிவிடும்' என்ற பயம் பலர் கைகளைக் கட்டிப்போடுகிறது. சாலை விபத்தில் உதவுவோரைக் காக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதே பாதுகாப்புக்கான 134ஏ பிரிவு சேர்ந்தது. ஆனால் இவை வாகன விபத்துக்கானவை. வீட்டிலும் சந்தையிலும் விழுந்தவருக்குச் சிபிஆர் செய்வோரைப் பெயர் சொல்லிக் காக்கும் விதி அவற்றில் இல்லை. பாரதிய நியாய சம்ஹிதையின் 30ஆம் பிரிவு, சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவருக்கு நன்மை கருதி நல்லெண்ணத்தோடு செய்த செயலைக் குற்றமாகக் கொள்வதில்லை. தற்போதைக்கு இதுவே அரண். இது பயிற்சி வகுப்பில் சொல்லப்பட வேண்டும். வெளிப்படையான தனிச்சட்டம் வந்தால் இன்னும் நல்லது.

விழுந்தவர் பெண் என்றால் தயக்கம் இரட்டிப்பாகிறது. பொது இடத்தில் விழும் பெண்களுக்குச் சிபிஆர் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்பதை அமெரிக்க ஆய்வுகளும் காட்டுகின்றன. இங்கே அதற்கு எளிய விடை இருக்கிறது: 1998இல் தொடங்கிய கேரளப் பெண்கள் இயக்கமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் இங்கும் பரவியிருக்கின்றன. பெண்களைப் பயிற்றுவித்தால் இந்தக் கேள்வியே எழாது. பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தாம்.

9. செய்யக் கூடாத இடம்

சிபிஆரை வலியுறுத்தும் கட்டுரை இதையும் சொல்லியாக வேண்டும். முற்றிய புற்றுநோயில், மாதக்கணக்கில் படுக்கையில், முடிவை எல்லோரும் அறிந்து காத்திருக்கும் ஒருவரின் இதயம் நிற்பது விபத்தல்ல. அவர் விலாவை முறிப்பது சிகிச்சையாகாது. 2008இலேயே ஆதரவுச் சிகிச்சைக்குக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம்; அச்சிகிச்சைக்காக மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தோற்றுவித்த பாலியம் இந்தியா அமைப்பு இயங்குவது திருவனந்தபுரத்தில். மரணத்தைக் குறித்து முன்கூட்டியே விருப்பம் எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் நடைமுறை 2023இல் எளிதாக்கப்பட்டது. சிபிஆர் வேண்டாம் என்ற முடிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வழிகாட்டுதல் தந்தது. வீட்டில் முதியவர் தெளிவோடு இருக்கும்போதே இதைப் பேசிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

10. செய்யத்தக்கவை

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆதரித்த திட்டம், 12 வயது முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு மணிநேரப் பயிற்சி போதும் என்கிறது. எல்லையூர்ப் பள்ளிகளில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் மலையாள வழிப் பிள்ளைகளுக்கு மலையாளத்திலும் இது நடக்கலாம். ஓட்டோ நிலையங்கள், அயல்கூட்டங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயக் குழுக்கள் அடுத்த இடம். தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி ஒன்றாவது களியக்காவிளைச் சந்திப்பிலும், பாறசாலை ரயில் நிலையத்திலும், நெய்யாற்றின்கரைப் பேருந்து நிலையத்திலும் பூட்டில்லாத பெட்டியில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வேண்டியது எண்ணிக்கை. இந்தியாவில் அருகிலிருப்போர் சிபிஆர் செய்யும் விகிதம் பத்து விழுக்காட்டைத் தொடவில்லை என்றே கிடைக்கும் ஆய்வுகள் சொல்கின்றன. நாடு தழுவிய பதிவேடு இல்லை. தெலங்கானாவின் வாரங்கல் பகுதி தனக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கிக் காட்டியது. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் ஊராட்சிகளும் எல்லைக்கு அப்பால் களியக்காவிளையும் சேர்ந்து இதைச் செய்ய முடியும். திடீரென விழுந்து இறந்தவர் யார், எத்தனை மணிக்கு, அருகில் யார் இருந்தார், நெஞ்சை அழுத்தினாரா, வண்டி எப்போது வந்தது என்ற ஐந்து கேள்விகளை வீடுவீடாகச் செல்லும் ஆஷா பணியாளர் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். அந்த நோட்டுக்கான ஆணையை இரு மாவட்டச் சுகாதார அதிகாரிகளும் இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.